கொல்லையில் விழும் பந்து

கொல்லையில் எறிந்தால் பந்து விழுந்தது. மைதானத்தில் எறிந்தால் விழவில்லை. அதே ஆள், அதே வலது கை, பதினெட்டு வருஷமாய் மாறாத அதே பிடி. நெரெய்தாவின் மண்டைக்குள் இது மூன்று நாளாக ஈ போலச் சுற்றிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பேஸ்பாலே பிடிக்காது. அதுதான் கூடுதல் எரிச்சல்.

விழுவது என்றால் இப்படி. கொல்லை வேலியில் அவள் புருஷன் எலிஹியோ ஒரு பழைய மெத்தையைக் கட்டித் தொங்கவிட்டு, நடுவில் கரியால் சதுரம் போட்டிருந்தான். அறுபதடி தள்ளி நின்று சதுரத்தின் நடுவுக்குக் குறி வைப்பான். பந்து சொன்னபடி கேட்டு நேராகத்தான் வரும். மெத்தையை நெருங்கும்போது மட்டும் யாரோ அடியிலிருந்து பிடித்து இழுத்த மாதிரி எட்டு விரற்கடை சரிந்து, சதுரத்துக்குக் கீழே முழங்கால் உயரத்தில் போய்க் குத்தும். எதிரே மட்டையோடு ஒருவன் நின்றால், பந்து இருக்கவேண்டிய இடத்தில் வீசுவான்; பந்தின் உச்சந்தலையில்தான் படும்; அது தரையோடு உருண்டு ஓடும்; அவன் ஓடிச் சேருமுன் யாராவது பொறுக்கி முதல் முனைக்கு எறிந்தால் ஆள் காலி. எலிஹியோவின் பிழைப்பு முழுக்க அந்த எட்டு விரற்கடைதான். மெத்தையில் ஓட்டை ஒரே இடத்தில்தான் விழுந்திருந்தது என்பதற்கு நெரெய்தாவே சாட்சி. கோணி ஊசியால் அதை மூன்று முறை தைத்தவள் அவள்தான்.

மைதானத்திலோ அதே பந்து கயிறு கட்டி இழுத்தாற்போல நேராகப் போனது. போய் மட்டையில் பட்டு, பட்ட பிறகு எங்கே போனது என்று ஊரே அண்ணாந்து பார்த்தது.

பராஓனா ஊரின் அணிக்குப் பெயர் நண்டுகள். டிசம்பர் முதல் திங்கட்கிழமை அதன் பயிற்சியாளர் தொன் ஒக்தாவியோ, நெரெய்தாவின் வறுவல் கடைக்கு வந்து நின்றார். மைதானத்துச் சுவரை ஒட்டி, மாற்று வீச்சாளர்கள் காத்திருக்கும் கொட்டகையின் கம்பி வலைக்குப் பத்தடி தள்ளி அவள் கடை. கொப்பரையில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. எலிஹியோ முக்காலியில் உட்கார்ந்து வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தான்.

"எலிஹியோ, கை இருக்கா?"

"ரெண்டு இருக்கு, தொன் ஒக்தாவியோ."

"ஒண்ணு போதும். ஒருத்தனுக்குத் தோள்பட்டை போச்சு. ஒருத்தனை அவன் ஆடற அமெரிக்க அணிக்காரன் 'எங்க ஆளு கை களைச்சிடும், அனுப்பிரு'ன்னு கூப்பிட்டுக்கிட்டான். இன்னொருத்தன் கல்யாணம்னு போனவன், போனவன்தான். கடைசி ரெண்டு இன்னிங்ஸுக்கு எனக்கு ஆளே இல்ல."

"நாற்பத்திரண்டு ஆவுது எனக்கு."

"எனக்குத் தெரியாதா? வேற யாராவது கெடைச்சிருந்தா ஒங்கிட்ட வந்திருப்பேனா?"

அவர் ஒப்பந்தத் தாளை அங்கேயே, வறுவல் வைக்கும் பலகையின் மேல் விரித்தார். எண்ணெய் படாத இடமாகப் பார்த்து எலிஹியோ கையெழுத்துப் போட்டான். நெரெய்தா கரண்டியை நிறுத்தாமல், இரண்டாவது தடவை வறுபடும் துண்டுகளைத் திருப்பிப் போட்டாள். உள்ளுக்குள் மட்டும் சுமந்திருந்த பெரிய மூட்டை ஒன்றை இறக்கிவைத்தது போலிருந்தது.

காரணம் இருந்தது. நிக்கராகுவாவில் எலிஹியோவின் பழைய கூட்டாளி ஒருவன் ஒரு குழுவை நடத்தினான். ஜனவரியில் வந்துவிடு, கை எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று அக்டோபரிலிருந்து போன் போட்டுக்கொண்டிருந்தான். எலிஹியோ சட்டைகளை இஸ்திரி போட ஆரம்பித்திருந்தான். யார் கூப்பிட்டாலும் போகிறவன் அவன். பெண்கள் இருவரும் பிறந்தபோது மெக்ஸிகோவில் இருந்தான். அவன் அம்மாவைப் புதைத்தபோது தைவானில் இருந்தான். சவப்பெட்டியை நெரெய்தாவும் பக்கத்து வீட்டாரும்தான் தூக்கினார்கள். வீட்டில் முழுசாய் இருந்தது இந்த இரண்டு வருஷம்தான்.

"இந்தத் தடவை நீ போனா, திரும்பி வர்றப்ப கதவுல வேற பூட்டு இருக்கும், கிழவா" என்று அவள் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். செய்ய இஷ்டமில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். உள்ளூரிலேயே எறிய இடம் கிடைத்தால் அவன் போகமாட்டான். அந்த எண்ணெய்ப் பலகைக் கையெழுத்தில் அவள் குடும்பம் தொங்கியது.

புதன்கிழமை முதல் ஆட்டம். சுவருக்கு வெளியே இருப்பவளுக்கு ஆட்டம் தெரியாது, சத்தம்தான் தெரியும். எட்டாவது இன்னிங்ஸில் "தாத்தா வாராரு, நாற்காலி போடுங்க!" என்று ஒரு கத்தல். பிறகு மட்டைச் சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஆட்டம் முடிந்து கடைக்கு வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கித் தின்றார்கள். சனிக்கிழமை ஒரே மட்டைச் சத்தம்தான்; பந்து சுவரைத் தாண்டி வந்து அவள் கடைக்கு எதிரே நின்ற பைக்கின் கண்ணாடியை உடைத்தது.

"இன்னும் ரெண்டே தடவை, தோன்யா நெரெய்தா" என்றார் தொன் ஒக்தாவியோ, பெயருக்கு முன்னால் மரியாதை போட்டு. கேட்காமலே வந்து அவளிடம் சொன்னார். "வெள்ளி, அப்புறம் ஞாயிறு. அதுக்கப்புறம் தாளக் கிழிக்கறதத் தவிர எனக்கு வழியில்ல."

எலிஹியோ எல்லாவற்றின் மேலும் பழி போட்டான். முதலில் காலணி. பிறகு பந்து பிடிக்கிறவன் கையுறையை ஆட்டுகிறான் என்றான். பிறகு அவள் காலுறையைத் துவைத்ததுதான் காரணம் என்றான்.

"ராசியான காலுறை அது, கறுப்பி. அத ஏன் தொட்ட?"

"அது தானா எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சுது. அதான் தொட்டேன்."

பிறகு மேடு. மைதானத்தில் வீச்சாளர் நிற்கும் மண்மேடு பத்து அங்குல உயரம். கொல்லை தட்டைத் தரை. அதுதான் வித்தியாசம் என்று திங்கட்கிழமை விடிந்ததும் கொல்லையைத் தோண்டி, அவள் வைத்திருந்த கொத்தமல்லிப் பாத்தியின் மேலேயே பத்து அங்குலத்துக்கு மேடு கட்டினான். சாயங்காலம் அதில் நின்று எறிந்தான். பந்து அழகாக விழுந்தது.

"அப்ப மேடு இல்ல" என்றாள் நெரெய்தா, கொத்தமல்லி இருந்த இடத்தைப் பார்த்தபடி.

"பந்தாயிருக்கும். அங்க புதுப் பந்து, இங்க பழசு."

செவ்வாய்க்கிழமை மைதானத்திலிருந்து புதுப் பந்து கொண்டுவந்தான். அதுவும் விழுந்தது. புதன்கிழமை காற்றின் மேல் பழி. அன்று கடல்காற்று மைதானத்தில் வீசியதை விட ஊக்கமாகவே கொல்லையில் வீசியது. விழுந்தது. மெத்தையில் பஞ்சு மறுபடியும் எட்டிப் பார்த்தது.

வியாழக்கிழமைதான் அது நடந்தது. அன்று வாழைக்காய் லாரி வரவில்லை. கடை திறக்க வழியில்லாமல் இருவரும் வீட்டில் இருந்தார்கள். சும்மா இருக்கமாட்டாமல் எலிஹியோ நான்கு மணிக்கே கொல்லைக்குப் போனான். முதல் பந்து சதுரத்தின் நடுவில், கரிக்கோட்டுக்குள்ளேயே குத்தியது. இரண்டாவதும். மூன்றாவது மெத்தைக்கு மேலே எழும்பிப் போய், பக்கத்து வீட்டு மாடியிலிருந்த தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை போட்டது. ஆயிரம் லிட்டர் தண்ணீரும் பக்கத்து வீட்டாரின் வசவும் ஒன்றாக இறங்கின.

நெரெய்தா நனைந்த கொல்லையில் நின்றாள். அதே கொல்லை, அதே மேடு, அதே மெத்தை. இன்றைக்கு மட்டும் ஏன் விழவில்லை? இன்றைக்கு என்ன இல்லை?

"கையக் காட்டு" என்றாள்.

"தொட்டிக்காரன் கத்தறான், நீ கையக் கேக்கற."

"காட்டுன்னா காட்டு."

விரல்கள் சுத்தமாக இருந்தன. அதுதான் விஷயம். மற்ற நாட்களில் அந்த விரல்கள் கறுத்துக் கிடக்கும்.

அவள் கடைக்கு நாளொன்றுக்கு ஐம்பது, அறுபது காய் வேண்டும். பச்சைக் காயின் இரு முனையையும் நறுக்கி, முதுகு வரப்புகளில் கத்தியால் கீறி, கட்டைவிரலை உள்ளே விட்டு நெம்பினால் தோல் பட்டை பட்டையாக வரும். உப்புத் தண்ணீரில் போட்டு உரித்தால் கையில் பால் ஒட்டாது. ஆனால் எலிஹியோவின் விரல் நுனிகள் வெடித்திருந்தன. உப்பு எரிகிறது என்று உலர்ந்தபடியே உரிப்பான். காய்ப்பால் விரலில் வழிந்து, காய்ந்து, கறுத்து, கோந்து போலப் பிடிக்கும். அந்தக் கையோடு எழுந்து போய்த்தான் தினமும் மெத்தைக்கு எறிந்தான். ஆட்டமுள்ள நாளில் மட்டும் வெள்ளைச் சீருடையில் கறை படக்கூடாது என்று, எரிச்சலைப் பல்லைக் கடித்துப் பொறுத்து, எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போனான்.

"பால்தான்" என்றாள் அவள். "வாழைக்காய்ப் பால்தான் ஒன் பந்த இழுக்குது."

எலிஹியோ விரல்களைப் பார்த்தான். பிறகு அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அவன் அத்தோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு பச்சைக் காயைக் கையுறைக்குள் மறைத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோய், ஏழாவது இன்னிங்ஸில் உட்கார்ந்து உரித்திருக்கிறான். எட்டாவதில் இறங்கினான். முதல் ஆள் தரையோடு உருட்டி வெளியேறினான். இரண்டாவது ஆளும். நெரெய்தா கரண்டியைக் கீழே வைத்தாள். சுவருக்குள்ளிருந்து பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய ஆரவாரம் வந்தது. திடீரென்று அது நின்றது. அப்புறம் சிரிப்பு.

நடந்ததை அன்று ராத்திரி செவேரோ விவரமாகச் சொன்னார். முப்பது வருஷம் அம்பயராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் ஆறு துண்டு வறுவல் அவர் கணக்கு.

"எதிர் அணிக்காரன் புகார் குடுத்தான். அம்பயர் போய், கையக் காட்டுப்பான்னான். ஒம் புருஷன் நீட்டுனான் பாரு, கரி அள்ளுனவன் கை மாதிரி. 'என்னய்யா இது'ன்னா, 'எம் பொண்டாட்டி வறுவல் கடை வச்சிருக்கா, இந்த ஊர்ல யார் கை வெள்ளையா இருக்கு, ஒங் கையக் காட்டுங்க பாப்போம்'ங்கறான்."

"அம்பயர் காட்டுனாரா?"

"அதான் கேவலம். அவன் கையிலயும் கறை. அவன் மச்சினனுக்கு வாழைத் தோட்டம். அதுக்குத்தான் சிரிப்பு. இல்லன்னா அப்பவே பத்து ஆட்டம் வெளிய உக்கார வச்சிருப்பான். கழுவிட்டு வா, அடுத்த தடவை பாத்தேன்னா தொலைச்சிருவேன்னு விட்டான். கழுவிட்டு வந்து போட்ட மொதப் பந்து இன்னும் கீழ வரல."

எலிஹியோ முக்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"எனக்கு மட்டும் ஏன்யா இது?" என்றாள் நெரெய்தா. "மூளைய நான் கசக்கறேன். கொத்தமல்லி போச்சு, தொட்டி போச்சு, மெத்தை போச்சு. கண்டுபிடிச்சுக் குடுத்தா, ஊரே பாக்க உக்காந்து காய் உரிக்கற. ஏன், கொப்பரையையும் தூக்கிட்டுப் போய் வறுத்துப் போட வேண்டியதுதான?"

"மத்த எதுவும் பிடிக்கமாட்டேங்குதே, கறுப்பி."

"சட்டப்படி ஒட்டற சாமான் ஒண்ணுமே கெடையாதா, செவேரோ?"

"ஏன் இல்லாம? மேட்டுக்குப் பின்னால ஒரு பை கெடக்குமே. பைன் மரப் பிசின்தூள். அது எல்லாருக்கும் பொது."

எலிஹியோ தன் தோள்பையிலிருந்து அப்படி ஒன்றை எடுத்துப் பலகையில் போட்டான். உள்ளங்கை அளவு துணி முடிச்சு. தட்டினால் வெள்ளைத் தூள் பறந்தது. "இதத்தான் மூணு ஆட்டமாத் தட்டறேன். மூஞ்சிப் பவுடர்தான் இது. ஊதுனா போயிரும்."

"பவுடராம்!" நெரெய்தாவுக்குப் பொறுக்கவில்லை. கொப்பரை முன்னால் இரண்டு மணிநேரம் நின்றவள். கழுத்தில் வழிந்த வியர்வையைப் புறங்கையாலும் விரலாலும் துடைத்து, அதே கையால் அந்த முடிச்சை எடுத்துத் தெருவில் வீசினாள்.

முடிச்சு பறக்கவில்லை. விரலிலேயே தொங்கியது.

அவள் கையை உதறினாள். அது காலடியில் போய் விழுந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிரித்தாள். மெல்லிய சத்தத்தோடு பிரிந்தன. கரண்டியைத் தொட்டாள், கரண்டி கூடவே வந்தது.

"செவேரோ, வேர்வைக்குத் தடை உண்டா?"

"மனுஷன் வேர்வைக்கு எவன் தடை போடுவான்? எச்சில் கூடாது, எண்ணெய் கூடாது, வாழைப்பால் கூடாது. வேர்வை அவனவன் ஒடம்புல ஊறறது."

"கிழவா, கழுத்தக் காட்டு."

கழுத்து காய்ந்த எலும்பு மாதிரி உலர்ந்திருந்தது. அவன் எண்ணெய்க்குப் பத்தடி தள்ளி, கடற்காற்று வரும் பக்கமாக உட்காருகிறவன்.

அவளுக்கு அப்போது முழுதும் விளங்கியது. பிசின்தூள் தனியாக வெறும் மாவு. ஈரம் பட்டால்தான் அது பசை. ஆனால் தண்ணீர் வழுக்கும். கொஞ்சம் உப்பும் வெதுவெதுப்பும் உள்ள ஈரம் வேண்டும். பந்தைக் கெட்டியாகப் பிடிக்கத் தேவையில்லாதபோதுதான் மணிக்கட்டு தளர்ந்திருக்கும். தளர்ந்த மணிக்கட்டுதான் கடைசி நொடியில் விரல் நுனியால் பந்தின் தையலைப் பக்கவாட்டில் இழுக்கும். அந்த இழுப்புதான் எட்டு விரற்கடை. விரல் உலர்ந்திருந்தால் பந்து நழுவுமோ என்று கை தானாக இறுகும். இறுகிய கையிலிருந்து பந்து நேராகத்தான் போகும்.

"சின்ன வயசுல இறங்கறதுக்கு முன்னாடி எத்தனை பந்து எறிஞ்சு பாப்ப?" என்று கேட்டாள்.

"நாப்பது. அம்பதும் உண்டு. சட்டை பிழிஞ்சா சொட்டும்."

"இப்ப?"

அவன் தோளைத் தடவினான். "எட்டு. இந்தத் தோள்ல ஒரு நாளைக்கு முப்பது பந்துதான் இருக்கு, கறுப்பி. அத அங்கயே செலவழிச்சிட்டா மேட்டுல எறிய என்ன இருக்கும்?"

ஆக, ஆறு இன்னிங்ஸ் டிசம்பர்க் காற்றில் உட்கார்ந்து, எட்டே பந்து எறிந்துவிட்டு, துளி வியர்வை இல்லாமல் அவன் மேட்டுக்குப் போகிறான். கையைச் செலவழிக்காமல் ஒரு ஆளை வியர்க்க வைப்பது எப்படி? கேள்வி அவ்வளவுதான்.

"ஓடச் சொல்லு" என்றார் செவேரோ.

"முழங்கால்" என்றான் எலிஹியோ.

"வெயில்ல நிக்கச் சொல்லு."

"எட்டாவது இன்னிங்ஸ்ல ஏதுய்யா வெயில்?" என்றாள் நெரெய்தா. "ரெண்டு பேரும் வாய மூடுங்க. நான் யோசிக்கறேன்."

சனிக்கிழமை கடையில் வைத்தே சோதித்தாள். முதலில் கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை மாட்டி உட்கார வைத்தாள். ஒரு மணிநேரத்தில் புலம்பல் வந்தது, வியர்வை வரவில்லை. கோழிக் குழம்பு கொடுத்தாள், குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான். பிறகு பண்டிகை மாதத்தில் அந்த ஊரில் எல்லா வீட்டிலும் போடுகிற இஞ்சித் தண்ணீரை வைத்தாள். எல்லோரும் போடுவது போல இல்லை. ஒரு கை அகல இஞ்சி போடுகிற இடத்தில் மூன்று நசுக்கிப் போட்டு, பட்டையும் கிராம்பும் சேர்த்துப் பாதியாகச் சுண்ட விட்டாள். சர்க்கரையைக் குறைத்தாள்.

"நாக்கு வெந்துபோச்சு!"

"நாக்கால பந்து எறியப் போறியா? குடி."

குடித்த இருபதாவது நிமிஷம், கம்பளிச் சட்டைக்கு மேலே கழுத்தில் வியர்வை முத்து முத்தாகக் கட்டியது. கொல்லைக்கு இழுத்துப் போனாள். கழுத்தில் இரண்டு விரல், பிறகு பிசின் முடிச்சு, பிறகு பந்து. கறையில்லாத சுத்தமான கை. பந்து மெத்தையின் ஓட்டைக்குள் புகுந்து அங்கேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை நண்டுகள் ஒரே ஒரு ஓட்டம் முன்னால் இருந்தார்கள். ஆறாவது இன்னிங்ஸ் முடிந்ததும் நெரெய்தா கடையைச் செவேரோவிடம் விட்டுவிட்டு, ஒரு பெரிய தகரக் குவளையைக் கம்பி வலைக்கு அடியில் நீட்டினாள். கொட்டகையிலிருந்த மற்ற வீச்சாளர்கள் சிரித்தார்கள்.

"தாத்தாவுக்குப் பால் வந்திருச்சு!"

"ஆமா, ஒங்களுக்கும் வேணுமா? வாயத் தொறங்க, ஊத்தறேன்" என்றாள். எலிஹியோ திட்டிக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தான். கம்பளிச் சட்டையின் பொத்தானை அவிழ்க்கப் போன கையை வலைக்குள் விரலை விட்டுக் கிள்ளினாள்.

எட்டாவதில் இறங்கினான். எதிர் அணிக்காரன் புகார் கொடுத்தான். அம்பயர் வந்தார், கையைப் பார்த்தார், முகர்ந்தார், திருப்பிப் பார்த்தார். கை குழந்தையின் கை போல வெளுப்பாக இருந்தது. "இஞ்சி வாசம் வருது" என்றாராம். "இருமல்" என்றானாம் எலிஹியோ.

சுவருக்கு வெளியே நெரெய்தாவுக்குக் கேட்டது மட்டையின் மங்கலான சத்தங்கள்தான். பந்தின் தலையில் படும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று; மூன்று பேர் காலி, இன்னிங்ஸ் முடிந்தது. கடைசியான ஒன்பதாவதிலும் மூன்று. பந்து எதுவும் சுவரைத் தாண்டி வரவில்லை.

தொன் ஒக்தாவியோ வந்து நின்றார். "சீசன் முடியறவரைக்கும் அவன் என்கூட இருக்கட்டும், தோன்யா. அடுத்த வருஷம் சின்னப் பசங்களுக்கு அந்தப் பந்தச் சொல்லித் தரட்டும். ஆனா என்ன பண்ணுனீங்கன்னு எனக்குச் சொல்லியாகணும். ஊருக்கு வெளிய ஆடறப்ப நீங்க இருக்கமாட்டீங்களே."

பின்னால் எலிஹியோ போனில் நிக்கராகுவாக்காரனிடம், வரமுடியாதுப்பா, இங்கே விடமாட்டேங்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். யார் விடமாட்டேன் என்கிறார்கள் என்பதை அவன் சொல்லவில்லை. நெரெய்தா பொத்துக்கொண்டு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, வறுவல் மடிக்கும் தாளில் ஒன்றைக் கிழித்து, பயிற்சியாளருக்குப் புரியும்படி பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்:

மூன்று கை அகல இஞ்சி நசுக்கியது, பாதியாகச் சுண்டியது, ஒரு குவளை. ஆறாவது இன்னிங்ஸ் முடிந்ததும் சூடாகக் கொடுக்கவும். கம்பளிச் சட்டை, கழுத்துவரை பொத்தான். எட்டுப் பந்துக்கு மேல் எறிந்து பார்க்க விடாதே. மேட்டில், முதலில் கழுத்து வேர்வை, பிறகு பிசின் பை, பிறகு பந்து. திட்டுவான். குடிக்க வை.